பைண்டிங் எதை எடுப்பது: பிடிப்பா, ஆயுளா, காலுக்குக் கிடைக்கிற உணர்வா?

முதல்சுவடு

பனிச்சறுக்குக்கு வாங்கின புது ஸ்கீ மூணு நாளா சுவத்துல சாஞ்சு நிக்குது. பூட் காலணியை ஸ்கீயோட பிடிச்சு வச்சு, விழுந்தா விடுற பைண்டிங் எதுன்னு முடிவாகாம துளை போட மனசு வரல. தெரிஞ்சவங்க வழி சொல்லுங்க.

எடை 78 கிலோ, வயசு 41. பூட் அடி நீளம் 305 மில்லிமீட்டர், கிரிப்வாக் அடி (நடக்க வசதியா வளைஞ்ச அடி). ஸ்கீயோட நடு அகலம் 96 மில்லிமீட்டர், உள்ளே உலோகத் தகடு இருக்கு. வேகமா போவேன், பெரிய தாவல் எல்லாம் கிடையாது. பாதி நாள் கெட்டிப் பனி, மீதி நாள் மேடுபள்ளத்துலயும் மரங்களுக்கு நடுவுலயும்.

மூணு பார்த்து வச்சிருக்கேன்: லுக் பிவட் 15, மார்க்கர் கிரிஃபன் 13, டைரோலியா அட்டாக் 14.

இவ்வளவு யோசிக்கக் காரணம் இருக்கு. போன சீசன்ல பழைய பைண்டிங் ரெண்டு தடவை திருப்பத்துக்கு நடுவுல கழண்டுடுச்சு. விழுந்ததால கழலல, கழண்டதால விழுந்தேன். ரெண்டாவது தடவை தோள்ல நல்ல அடி. அப்புறம் டின்னை, அதாவது எவ்வளவு விசைக்கு பைண்டிங் விடணும்னு வைக்கிற எண்ணை, 7-லேர்ந்து 9-க்கு ஏத்திட்டேன். அதுக்கப்புறம் கழலவே இல்ல. ஆனா இப்போ வேற பயம். நிஜமாவே விழுந்தா இது காலை விடுமா?

இன்னொரு கேள்வி. பைண்டிங்ல "உணர்வு" வேறபடும்னு நிறைய பேர் சொல்றாங்க. அது உண்மையிலேயே காலுக்குத் தெரியுதா, இல்ல வாங்கினவங்க மனசுக்குத் தெரியுதா?

விளிம்புநடை

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். தெரியும். ஆனால் எல்லாரும் சொல்லும் இடத்தில் அல்ல.

பைண்டிங் பூட் காலணியைக் கதவுப் பூட்டு மாதிரி பிடிப்பதில்லை, ஸ்பிரிங் மாதிரி பிடிக்கிறது. பக்கவாட்டில் ஒரு உதை வந்தால் பூட் சிறிது நகரும். உதை சின்னதென்றால் ஸ்பிரிங் அதைத் திரும்ப நடுவுக்குக் கொண்டுவரும். பெரிதாகவும் நீடித்தும் வந்தால் மட்டுமே விடும். நகர்ந்தும் திரும்பி வரக்கூடிய அந்த நெகிழ்வுத் தூரம்தான் என்னைப் பொறுத்தவரை ஒரு பைண்டிங்கின் தரம். நெகிழ்வு அதிகம் இருந்தால் குறைந்த டின்னிலேயே நிம்மதியாக ஓட்டலாம். குறைவாக இருந்தால் அந்தக் குறையை மறைக்க ஆட்கள் டின்னை ஏற்றுவார்கள்.

பிவட்டுக்கு முன்பக்கம் 45 மில்லிமீட்டர், குதியில் 28 மில்லிமீட்டர் என்று லுக் சொல்கிறது. குதியின் 28 தான் பெரிய விஷயம். மேடுபள்ளத்தில் ஸ்கீயின் மூக்கு ஒரு மேட்டில் குத்தி நின்று, உடம்பு முன்னால் போகும் கணத்தில் குதி லேசாக எழும்பி மறுபடி உட்காரும். பார்க்கிறவர்களுக்கு எதுவுமே நடக்காதது போல் இருக்கும். குதி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் எழும்பித் திரும்பியது ஓட்டியவருக்கே தெரிந்திருக்காது.

பிவட்டின் இன்னொரு சிறப்பு அந்தச் சுழல்தட்டு. மற்ற பைண்டிங்குகளில் குதிப்பகுதி அசையாமல் நிற்கும். கால் முறுக்கினால் பூட்டின் பின்முனை அதனோடு உரசிக்கொண்டே திரும்ப வேண்டும். பிவட்டில் முழங்கால் கீழெலும்புக்கு நேர் கீழே அச்சு வைத்து, குதிப்பகுதியே பூட்டோடு சேர்ந்து சுழல்கிறது. முன்னால் திறக்க வேண்டிய நேரத்தில் பின்னால் இழுத்துப் பிடிக்க எதுவும் இல்லை.

லுக்கைத் தொடங்கிய ஜான் பெய்ல், பனிச்சறுக்கில் கால் உடைந்த பிறகுதான் இந்த வேலையில் இறங்கினார். 1948-ல் பிரான்சின் நெவேர் ஊரில் தொடங்கியது அந்த நிறுவனம். சைக்கிள் பெடலில் காலணியைப் பூட்டி, திருப்பினால் விடுவிக்கும் முறையை 1984-ல் கொண்டுவந்ததும் இவர்கள்தான், ஸ்கீ பைண்டிங்கில் கற்ற பாடத்தை வைத்தே. அடுத்த வருடம் பெர்னார் இனோ அந்தப் பெடலோடு டூர் டி பிரான்ஸ் ஜெயித்தார். விட வேண்டிய நேரத்தில் விடுவதைப் பற்றி இவ்வளவு காலம் யோசித்தவர்கள் என்பதில் எனக்கு ஒரு மரியாதை உண்டு.

என் ஓட்டு பிவட்டுக்கு.

கெட்டிப்பனி

நானும் பிவட் தான். ஆனா 15 கூட வேணாம், 18 எடுங்க. முழு உலோகம், ஆயுசுக்கும் நிக்கும். டின் 9-ல கழலலன்னு சொல்றீங்க இல்ல, அப்போ உங்களுக்கு 9 தான். பிளாஸ்டிக் முன்பகுதி குளிர்ல எப்போ உடையும்னு சொல்ல முடியாது.

திருப்புளி

கெட்டிப்பனி, கோபிக்காதீர்கள். மேலே நீங்கள் எழுதியதில் ஆபத்தான வரி ஒன்று இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பணிமேசையில் பைண்டிங் பொருத்துவது என் தொழில்.

முதல்சுவடு, எந்த பைண்டிங் என்று பேசுவதற்கு முன் இன்றே டின்னை 9-லிருந்து இறக்குங்கள். அந்த எண் துணிச்சலின் அளவு அல்ல. ஐஎஸ்ஓ 11088 அட்டவணையில் எடை, உயரம், வயது, பூட் அடி நீளம், ஓட்டும் பாணி ஐந்தையும் வைத்து வரும் எண் அது. உயரத்தை நீங்கள் சொல்லவில்லை. மற்ற அளவுகளுக்கு, நடுத்தர வகை ஓட்டுபவர் என்று வைத்துக்கொண்டால் 7-ஐ ஒட்டித்தான் வரும். அடி நீளம் ஏன் கணக்கில் வருகிறது என்றால், அது நெம்புகோல். நீளமான பூட்டுக்கு அதே கால் எலும்பைக் காக்கச் சிறிய எண் போதும். ஐம்பது வயதைத் தொட்டால் அட்டவணையே ஒரு படி இறக்கச் சொல்கிறது.

அப்படியானால் 7-ல் ஏன் கழன்றது? மேசைக்கு வரும் "தானாகக் கழல்கிறது" புகார்களில் நான் ஸ்பிரிங்கைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். முதலில் பார்ப்பது முன்னழுத்தம். குதிப்பகுதி பூட்டை முன்பகுதியோடு எவ்வளவு அழுத்தி வைத்திருக்கிறது என்பதற்கு ஒவ்வொரு பைண்டிங்கிலும் ஒரு அடையாளம் இருக்கும். சிலவற்றில் சின்ன ஜன்னலுக்குள் ஒரு கோடு. கிரிஃபனில் குதிக்குப் பின்னால் இருக்கும் திருகின் தலை, அதன் கூட்டோடு சமமாக நிற்க வேண்டும். அழுத்தம் குறைந்தால், ஸ்கீ வளைந்து நிமிரும்போது பூட்டுக்கும் பைண்டிங்குக்கும் நடுவே இடம் விடும். டின் 12-ல் இருந்தாலும் கழலும்.

அடுத்தது பூட் அடி. கல்லிலும் தாரிலும் நடந்து நடந்து முன்நுனி உருண்டுபோயிருக்கும். மூன்றாவது, பூட்டின் முன்பாகம் உட்காரும் உராய்வுத் தட்டு. அது கிழிந்தோ மண் ஏறியோ இருந்தால் பூட் வழுக்க வேண்டிய இடத்தில் ஒட்டும். நான்காவது, பூட்டுக்கு அடியில் கெட்டியான பனியைத் தட்டாமலே ஏறுவது.

உங்கள் பழைய பைண்டிங்கில் பூட்டை மாட்டி, அந்த அடையாளம் எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். அதன்பிறகு மற்றதைப் பேசலாம்.

முதல்சுவடு

அண்ணா, இப்போதான் மாட்டிப் பார்த்தேன். அடையாளக் கோடு ஜன்னலுக்குள்ளயே வரல, ரொம்ப முன்னாடி நிக்குது.

காரணமும் புரிஞ்சுது. போன வருஷம் பூட் மாத்தினேன். பழையது 309, புதுசு 305. "டக்"னு மாட்டிக்கிச்சு, சரியா இருக்குன்னு விட்டுட்டேன். குதிப்பகுதியை நகர்த்தணும்னு எனக்குத் தோணவே இல்ல. நாலு மில்லிமீட்டர்!

டின்னை 7-க்கு இறக்கியாச்சு. குதியை நகர்த்தி ஜன்னலுக்கு நடுவுல கோடு வர்ற மாதிரி வச்சிருக்கேன்.

திருப்புளி

நல்லது. "டக்" சத்தம் கேட்டது என்றால் கொக்கி விழுந்தது என்று மட்டும்தான் அர்த்தம். முடிந்தால் ஓட்டுவதற்கு முன் ஒரு பணிமனையில் இயந்திரத்தில் வைத்து விடுவிப்பு அளவைச் சோதித்துவிடுங்கள். மேலே பதிந்திருக்கும் எண் ஒரு அளவுகோல் மட்டும். உண்மையில் எவ்வளவு விசையில் விடுகிறது என்பதை இயந்திரம்தான் சொல்லும். பழகிய ஸ்பிரிங், வற்றிய கிரீஸ், தேய்ந்த பூட் எல்லாம் அந்த எண்ணைப் பொய்யாக்கும்.

இப்போது ஆயுள். கெட்டிப்பனி சொன்ன உலோகம்–பிளாஸ்டிக் பேச்சை நான் வேறு மாதிரி பார்க்கிறேன். நல்ல பைண்டிங்குகளில் வரும் பிளாஸ்டிக் வாளியும் குடமும் செய்யும் பிளாஸ்டிக் அல்ல, நார் கலந்து வலுவூட்டியது. மேசைக்கு வருபவற்றில் முன்பகுதி கூடு உடைந்து வந்தவை சொற்பம். கழன்ற ஸ்கீ ஓடிவிடாமல் நிறுத்தும் பிரேக்கின் கை வளைந்து வரும், பிரேக் ஸ்பிரிங் தளர்ந்து வரும், உராய்வுத் தட்டு உரிந்து வரும். எல்லாவற்றையும்விட அதிகமாக, உள்ளே கிரீஸ் கழுவப்பட்டு, உப்பு ஏறி, மணல் நறநறக்க வரும்.

காரணம் காரின் கூரை. உறை போடாமல் ஸ்கீயைக் கூரையில் கட்டிப் பனிக்காலச் சாலையில் ஓட்டினால், சாலையில் தூவிய உப்புத் தண்ணீர் முழுவதும் பைண்டிங்குக்குள் போகும். வீட்டுக்கு வந்ததும் அதை வேகமாகப் பீய்ச்சும் குழாயால் கழுவுவார்கள். அத்தோடு கிரீஸும் போயிற்று. கழுவ வேண்டுமானால் மெதுவான தண்ணீர், துணி, காற்றாட உலர விடுவது போதும். கரைப்பான் எதுவும் பக்கத்தில் போகக்கூடாது.

முழு உலோகத்துக்கு ஒரு நியாயம் உண்டு: தினம் பாறையில் இடிப்பவர், பெரிய தாவல் போடுபவர், கனமானவர். மற்றவர்களுக்கு அது எடை. பிவட் 15 ஒரு பக்கத்துக்கே 1.2 கிலோவைத் தாண்டும்.

பிவட் 18-ஐப் பற்றி இன்னொன்று. அதன் டின் வரம்பு 8-ல் தொடங்குகிறது. 7 தேவைப்படும் ஒருவர் அதில் சரியான எண்ணை வைக்கவே முடியாது. பிவட் 15-ன் வரம்பு 6 முதல் 15. உங்களுக்கு 7 என்றால் அடிவாசலில் நிற்கிறீர்கள். உங்கள் எண் வரம்பின் நடுவை ஒட்டி விழும் பைண்டிங்கையே நான் பரிந்துரைப்பேன். கிரிஃபன் 4 முதல் 13. பிவட்டே வேண்டும் என்றால் 14 இருக்கிறது, 5 முதல் 14.

விளிம்புநடை

திருப்புளி சொன்னதை ஏற்கிறேன். முதல்சுவடின் எண்ணைக் கணக்குப் போடாமல் 15-க்குத் தலையாட்டியது என் தவறு. சுழல்தட்டு 14-லும் அதேதான்.

ஆனால் உலோக முன்பகுதியின் உணர்வை முழுக்க ஒதுக்க வேண்டாம். கெட்டிப் பனியில் விளிம்பை அழுத்தும்போது அது ஒரு இறுக்கத்தைத் தருகிறது. நான் இரண்டையும் ஒரே ஸ்கீயில், ஒரே சரிவில் ஓட்டியிருக்கிறேன்.

திருப்புளி

ஒரே ஸ்கீ என்றால் இரண்டுக்கும் குதி உயரமும் முன் உயரமும் ஒன்றாக இருந்தனவா? இதைக் குத்திக்காட்டக் கேட்கவில்லை. முன்பகுதியைவிடக் குதி சில மில்லிமீட்டர் உயர்ந்தாலே உடம்பின் சாய்வு மாறிவிடும். தொடை முன்னால் தள்ளப்படும், திருப்பம் சீக்கிரம் தொடங்கும். மக்கள் "இந்த பைண்டிங் சுறுசுறுப்பு" என்று சொல்வதில் பெரும்பங்கு இந்தச் சரிவுதான். ஸ்கீயிலிருந்து பூட்டின் உயரமும் அப்படியே. உயர்ந்தால் அகலமான ஸ்கீயை விளிம்புக்குக் கொண்டுவர நெம்புதல் கூடும், தாழ்ந்தால் பனியோடு நெருக்கம் கூடும். பந்தயத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்றால், ஸ்கீ, தட்டு, பைண்டிங் மூன்றும் சேர்ந்து 50 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பான எஃப்ஐஎஸ் விதியே போட்டிருக்கிறது.

அட்டாக் தாழ்வாக உட்காரும். மரங்களுக்கு நடுவே ஓட்டுகிறவர்கள் அதை விரும்புவது இதனால்தான். மாட்டுவதும் சுலபம், காலை வைத்து மிதித்தால் போதும். பிவட்டில் ஆழப்பனியில் குதிப்பகுதி திரும்பி நிற்கும். அதை நேராக்கி, குதியை அதற்கு நேரே வைத்து மிதிக்க வேண்டும். பழகினால் பிரச்சினை இல்லை, ஆனால் பழக வேண்டும்.

விளிம்புநடை

உயரத்தை நான் அளக்கவில்லை. அப்படியென்றால் நான் உணர்ந்தது உலோகமா, சரிவா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது. அளந்துவிட்டுப் பேசுகிறேன்.

முழங்கால்

இவ்ளோ நல்லா பேசுறீங்க, ஒரு விஷயம் விட்டுப்போச்சு. எனக்கு முழங்கால் முன் குறுக்குத் தசைநார் அறுந்து இப்போ ரெண்டு வருஷம் ஆச்சு. அன்னைக்கு பைண்டிங்ல ஒரு குறையும் இல்ல. அப்புறம் இயந்திரத்துல வச்சுப் பார்த்தாங்க, எல்லா அளவும் சரி.

நான் வேகமாக்கூட போகல. உடம்பு பின்னால சாஞ்சு, இடுப்பு முழங்காலுக்குக் கீழ போயிடுச்சு. கீழ்ப்பக்க ஸ்கீயோட வால், உள்விளிம்புல பனியைக் கவ்விடுச்சு. எழுந்துக்க முயற்சி பண்ணேன். அந்த வால் ஒரு நெம்புகோல் மாதிரி முழங்காலை உள்ளுக்குள்ள திருப்பிடுச்சு. ஸ்கீ கழலவே இல்ல.

பிறகுதான் படிச்சுப் புரிஞ்சுக்கிட்டேன். வழக்கமான பைண்டிங் முன்பக்கம் பக்கவாட்டுலயும் குதிப்பக்கம் மேல்நோக்கியும்தான் விடும். அதனாலதான் கீழ்க்கால் எலும்பு முறிவு பழைய காலத்தைவிட பெரிய அளவுல குறைஞ்சுது. ஆனா வால் பக்கத்துலேர்ந்து வர்ற முறுக்கு குதிக்கு ரொம்பப் பக்கத்துல விழுது. முன்பகுதிக்கு அது சரியா எட்டவே எட்டாது. குதியிலயும் பக்கவாட்டா விடுற பைண்டிங் சில உண்டு. நீபைண்டிங் அதுக்காகவே செஞ்சது. டைரோலியாவும் புரொடெக்டர்னு ஒண்ணு கொண்டு வந்திருக்காங்க. நான் இப்போ அந்த வகைக்கு மாறிட்டேன். அது காப்பாத்தும்னு உறுதியா சொல்ல வரல. ஆனா பின்னால சாஞ்சு விழப்போறேன்னு தெரிஞ்சா எழுந்துக்கப் போராடாதீங்க. கையை முன்னால கொண்டு வந்து, காலைச் சேர்த்து வச்சு, அப்படியே விழுந்துடுங்க. இதை யாராவது முன்னாடியே எனக்குச் சொல்லியிருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும்!

முதல்சுவடு

முழங்கால், இதை எழுதினதுக்கு ரொம்ப நன்றி. நான் தடுமாறினா எழுந்துக்கத்தான் பார்ப்பேன், எப்பவும். இனிமே இதை மனசுல வச்சுக்கிறேன். உங்க கால் இப்போ எப்படி இருக்கு?

முழங்கால்

படி இறங்கும்போது மட்டும் ஞாபகப்படுத்தும். ஓட்டுறேன்.

மேலேறி

சற்றுத் தள்ளிய கேள்வி. நடந்து ஏறும் ஆசை எப்போதாவது வருமா? வரும் என்றால் துளை போடும் முன்பே யோசியுங்கள்.

ஊசி வகை பைண்டிங் முற்றிலும் வேறு உலகம். ஆஸ்திரியாவின் ஃபிரிட்ஸ் பார்தெல் 1980-களில் உருவாக்கியது. பூட்டின் முன்நுனியில் இரண்டு பக்கமும் இரண்டு ஊசிகள் கவ்வும், குதி ஏறும்போது விடுபட்டிருக்கும். பந்தய வகைகள் ஒரு பக்கத்துக்கு 200 கிராமுக்கும் கீழே. ஆனால் கெட்டிப் பனியில் இறங்கும்போது அதிர்வு அப்படியே எலும்புக்கு வரும், நெகிழ்வு மிகக் குறைவு. நடுவழியாக வந்தவை கலப்பு வகை. 2018-ல் வந்த சாலமன் ஷிஃப்ட், ஏறும்போது ஊசியும் இறங்கும்போது வழக்கமான முன்பகுதியுமாக மாறும். ஒரு பக்கம் 900 கிராமை ஒட்டி. அதன் குதியின் நெகிழ்வு 9 மில்லிமீட்டர். மேலே சொன்ன 28-ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எதை விட்டுக்கொடுத்து எதை வாங்குகிறோம் என்று தெரியும். பிவட்டின் சில வகைகளில் ஒரு வசதி: காஸ்ட் என்ற அமைப்பில் முன்பகுதியை மட்டும் கழற்றி ஊசி முன்பகுதியை மாட்டி ஏறலாம். எடை குறையாது, இறங்கும்போது சமரசமும் இல்லை.

முதல்சுவடு

இப்போதைக்கு ஏறுற எண்ணம் இல்லை. லிஃப்ட் தான்.

கெட்டிப்பனி

திருப்புளி அண்ணா, கோபம் எல்லாம் இல்ல. நான் 84 கிலோ, 11-ல ஓட்டுறேன். இந்த இழையைப் படிச்சுட்டு என் முன்னழுத்த அடையாளத்தைப் பார்த்தேன். அது சரியாத்தான் இருக்கு. ஆனா உராய்வுத் தட்டுல ஒரு ஓரம் தூக்கிக்கிட்டு நிக்குது. விரலை வச்சா நகத்துல மாட்டுது. இதுதானா?

திருப்புளி

இதுதான். அதை மாற்றும்வரை ஓட்ட வேண்டாம். மாற்றிய பிறகு 11-க்கும் அட்டவணைக்கும் எவ்வளவு தூரம் என்று பார்த்து, இயந்திரத்தில் வையுங்கள். பைண்டிங் மிகப் பழையது என்றால், தயாரிப்பாளர் இன்னும் ஆதரிக்கும் பட்டியலில் அது இருக்கிறதா என்றும் கேளுங்கள். பட்டியலில் இல்லாததைப் பணிமனைகள் தொட மாட்டார்கள். அதற்கு மேல் பாகமும் கிடைக்காது, பொறுப்பும் யாரும் ஏற்க மாட்டார்கள்.

முதல்சுவடு

ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன்.

பழைய பைண்டிங்கை 7-ல வச்சு, முன்னழுத்தம் சரி பண்ணி, இயந்திரத்துல சோதிச்சுட்டு நாலு நாள் ஓட்டினேன். போன சீசன்ல கழண்ட அதே சரிவு, அதே மேடுகள். ஒரு தடவைகூடத் தானாக் கழலல. மூணாவது நாள் மரத்தடியில புதைஞ்ச கிளையில ஸ்கீ மாட்டி நல்லா விழுந்தேன். ரெண்டும் கழண்டு எனக்கு மேல கிடந்துச்சு, காலுக்கு ஒண்ணும் ஆகல. பனியில உக்காந்து ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

முடிவு: பிவட் 14. அட்டாக்கா பிவட்டான்னு கடைசிவரை ஆடிக்கிட்டு இருந்தேன். மேடுபள்ளம்தான் நான் அதிகம் ஓட்டுறது, குதியோட அந்த 28-தான் தீர்த்து வச்சுது. ஒரு குறை தெரிஞ்சேதான் எடுக்குறேன். இதுல குதியை முன்னபின்ன நகர்த்துற தூரம் கம்மி, அடுத்த பூட் அளவு ரொம்ப மாறினா புதுத் துளைதான்.

துளை போடும்போது என்ன கவனிக்கணும்? பிரேக் 95 வாங்கியிருக்கேன், ஸ்கீ 96. உரசுமா?

திருப்புளி

மகிழ்ச்சி தம்பி.

ஸ்கீயில் உலோகத் தகடு இருப்பதால் 4.1 மில்லிமீட்டர் துளைமுனை, ஆழம் 9.5. தகடு இல்லாத ஸ்கீக்குத்தான் 3.6. உலோகத்தில் திருகுவழி வெட்டிவிட்டு ஏற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் திருகு ஏறும்போது தகட்டையே மேலே தூக்கிவிடும். துளைக்குள் பசை. திருகு போஸிட்ரைவ் 3 தலை. பார்க்க ஒன்று போலிருக்கும் பிலிப்ஸ் முனையால் திருகினால் தலை சிதையும். பூட்டில் இருக்கும் நடுக்கோடு, ஸ்கீயில் தயாரிப்பாளர் போட்ட கோட்டோடு பொருந்த வேண்டும். அதிலிருந்து நகர்த்தச் சொல்லி யாராவது ஆலோசனை சொன்னால் இந்த சீசன் கேட்காதீர்கள். முதலில் உள்ளபடி ஓட்டிப் பாருங்கள்.

பொருத்தி முடித்ததும் பூட்டை மாட்டி ஸ்கீயை மேசையில் இறுக்கி, பூட்டின் முன்நுனியை உள்ளங்கையால் பக்கவாட்டில் ஒரு குத்து குத்துங்கள். நுனி நகரும், தயங்காமல் நடுவுக்குத் திரும்பி வர வேண்டும். இரண்டு பக்கமும், இரண்டு ஸ்கீயிலும். வழியில் நின்றுவிட்டால் உராய்வுத் தட்டில் ஏதோ இருக்கிறது. அப்புறம் இயந்திரம்.

பிரேக்குக்கு: 95 என்று எழுதியிருந்தாலும் கைகளுக்கு நடுவே சில மில்லிமீட்டர் கூடுதலாகவே இருக்கும், 96-க்குப் பெரும்பாலும் போதும். ஆனாலும் துளை போடும் முன் குதிப்பகுதியை ஸ்கீ மேல் வெறுமனே வைத்து, பிரேக்கைக் கையால் அழுத்திப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரு தாள் நுழைந்தால் துளைக்கலாம்.

முதல்சுவடு

வச்சுப் பார்த்துட்டேன். இடது பக்கம் தாராளம், வலது பக்கம் தாள் நுழையுது, அட்டை நுழையல. நாளைக்குக் காலையில துளை.